தடுக்காத தடுப்பூசி: ஒளிவெப்பச் சிகிச்சையோடு வரும் ஒரு சொல்

ஆய்விதழ்களில் ‘போட்டோதெர்மல் நானோ வேக்சின்’ என்று வருவதை ‘ஒளிவெப்ப நானோ தடுப்பூசி’ என்று தமிழாக்கிவிடலாம். ஆனால் கடைசிச் சொல் ஆளைக் குழப்பும். மும்பைப் பரேலில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்து தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பத்திடம் ‘புற்றுநோய்த் தடுப்பூசி’ என்றால், கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கப் பெண்பிள்ளைகளுக்குப் போடும் எச்பிவி ஊசிதான் நினைவுக்கு வரும். அது நோய் வருமுன் போடுவது. இதுவோ கட்டி வந்தபின், ஒளியால் அதைச் சூடாக்கி நோயெதிர்ப்பைத் தூண்டச் செய்வது. பெரும்பாலும் எலிகளிடம் சோதிக்கப்பட்டுவரும் முறை.

‘ஒளிவெப்பம்’ என்பதில் சிக்கல் இல்லை. கிரேக்கத்தில் ‘போஸ்’ ஒளி, ‘தெர்மே’ வெப்பம். ஒளிச்சேர்க்கையும் வெப்பமானியும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கமானவை. சித்த மருத்துவத்தின் ‘சுட்டிகை’யை இதற்கு இழுத்துவர வேண்டாம், அது வெளியிலிருந்து சுடுவது. இங்கே சூடு கட்டிக்குள்ளேயே பிறக்கிறது. பொன் நானோ தண்டுகளையோ இண்டோசயனின் கிரீன் சாயத்தையோ கட்டிக்குள் சேர்த்து, 808 நானோமீட்டர் லேசரை ஐந்து முதல் பத்து நிமிடம் பாய்ச்சுவார்கள். அந்த அலைநீளத்தை ரத்தமும் நீரும் குறைவாகவே உறிஞ்சுவதால் ஒளி சற்று ஆழம் போகும். துகள் அதை உறிஞ்சிச் சூடாகும்.

எவ்வளவு சூடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 42 முதல் 45 டிகிரி செல்சியஸில் செல்கள் மெதுவாக நலிந்து சாகும். 50 தாண்டினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 60 தாண்டினாலோ புரதங்கள் வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோல உறைந்துபோகும், ரத்தக்குழாய்கள் அடைபடும். கட்டியை எரிப்பது மட்டுமே நோக்கமென்றால் அது போதும். நோயெதிர்ப்பைத் தூண்டுவதும் நோக்கமென்றால் போதாது: சாகும் செல் கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தை மேற்பரப்பில் காட்ட வேண்டும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை வெளிவிட வேண்டும். அந்த அடையாளங்களைக் கண்டுதான் நோயெதிர்ப்பைத் தொடக்கிவைக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் வந்து விழுங்கும்.

இந்தச் சூட்டில் தவறு நேரும் இடங்கள் இன்னும் உண்டு. வெப்பக் கேமரா தோலின் மேற்பரப்பை மட்டுமே அளக்கும். அடியில் கட்டி குளிர்ந்தே கிடக்கலாம். பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் ஓடினால் சூட்டை அது வாரிக்கொண்டு போய்விடும். இண்டோசயனின் கிரீன் லேசரிலேயே சிதைந்து உறிஞ்சும் திறனை இழக்கும். தோலுக்கு ஏற்கத்தக்க வரம்பு 808 நானோமீட்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.33 வாட். எலி ஆய்வுகளில் 1, 2 வாட் என்று தாராளமாகப் போவதைப் பார்த்தால், முடிவைப் படிக்குமுன் இந்த எண்ணைத் தேடுவதே நல்லது.

‘நானோ’ கிரேக்கத்தில் குள்ளன். அளவையில் நூறு கோடியில் ஒரு பங்கு. அப்படியே வைத்துக்கொள்ளலாம், ‘மீநுண்’ என்றும் எழுதலாம். ‘நுண்துகள்’ மட்டும் வேண்டாம். மும்பைக் குளிர்காலக் காற்றில் அளக்கும் பிஎம் 2.5 என்ற மாசுத் துகளையும் நுண்துகள் என்றே எழுதுகிறோம். அதன் மேல்வரம்பு 2,500 நானோமீட்டர். இங்கே வேண்டியது பத்திலிருந்து நூறு.

இனி ‘வேக்சின்’. லத்தீனில் ‘வக்கா’ என்றால் பசு. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையின் நீரைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்ததிலிருந்து வந்தது. 1881-இல் லூயி பாஸ்டர் ஜென்னரின் நினைவாக மற்ற நோய்களுக்கும் அந்தச் சொல்லையே விரித்தார். பசு அதோடு போயிற்று. இந்தியாவில் ஜென்னரின் முறை முதலில் பலித்தது மும்பையில்தான்: 1802 ஜூன் 14, அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தை. தமிழில் அன்று ‘அம்மை குத்துதல்’ என்றார்கள். ‘தடுப்பூசி’ பின்னால் வந்தது. போலியோ சொட்டு மருந்திலேயே ‘ஊசி’ கழன்றுவிட்டது. இப்போது ‘தடுப்பு’ம் கழல்கிறது. மும்பைச் சுகாதார மையங்களில் பார்க்கும் ‘லசீகரண்’ பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை. மராத்தி ‘லஸ்’ புண்ணில் கசியும் நீரைக் குறித்த சொல். தடுப்பேன் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

இந்தச் சிகிச்சைக்கு ‘எதிர்ப்பூட்டி’ பொருந்தும் என்பது எங்கள் கருத்து: நோயெதிர்ப்பை ஊட்டுவது. முதலில் ஒளிவெப்பம் கட்டியை உடைத்து அதன் ஆன்டிஜென்களை, அதாவது நோயெதிர்ப்பு அடையாளம் காணும் பொருள்களை, வெளியே கொட்டும். கூடவே அல்லது உடனடியாக நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து சுமந்த துகள் உள்ளே போகும். ஆன்டிஜென்னை ஆய்வகத்தில் தயாரிக்காமல் கட்டியிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் இதை ‘தன்னிட எதிர்ப்பூட்டி’ எனலாம். நோயெதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர்க்கணுவுக்கே போய்ச் சேர வேண்டிய துகளென்றால் அளவு முக்கியம்: பத்து நானோமீட்டருக்குக் குறைந்தால் ரத்தத்தில் கலந்துவிடும், இருநூறைத் தாண்டினால் குத்திய இடத்திலேயே தங்கிவிடும்.

துகள் உலோகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தட்டைப்பயறுச் செடியைத் தாக்கும் ஒரு தேமல் வைரஸ் சுமார் 30 நானோமீட்டர். பாலூட்டிகளில் பெருகாது, ஆனால் கட்டிக்குள் செலுத்தினால் நோயெதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பும். எலிகளிலும் வளர்ப்பு நாய்களிலும் சோதித்திருக்கிறார்கள். கூட்டுச் சிகிச்சை வேலை செய்ததா என்று பார்க்க, எலியின் இரு விலாவிலும் கட்டி வளர்த்து ஒன்றுக்கு மட்டும் லேசர் காட்டுவார்கள். லேசர் படாத கட்டியும் சுருங்கினால்தான் ‘எதிர்ப்பூட்டி’ என்ற பெயர் செல்லும். இல்லையென்றால் நடந்தது வெறும் ஒளிவெப்பச் சிகிச்சை.