லேமினேஷன் போட்ட பட்டமும் ஒற்றை எழுத்து இனிஷியலும்

போன வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு கணக்கு டீச்சர் திருச்சியில், வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கித் தரும் என் அலுவலகத்துக்கு வந்தார். ஷார்ஜாவில் வேலை உறுதியாகிவிட்டது, மூன்று வாரத்துக்குள் சான்றிதழ்களை அட்டெஸ்ட் செய்து, அதாவது அசல்தான் என்று அரசு முத்திரை வாங்கி, அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பைக்குள்ளிருந்து பி.எஸ்சி. பட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார். பளபளவென்று லேமினேஷன். "பத்திரமா இருக்கட்டும்னு அப்பா அப்பவே போட்டுட்டார் சார்." நான் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். முத்திரைகள் விழ வேண்டிய இடம் அதுதான், பிளாஸ்டிக் மேல் எந்த மையும் நிற்காது.

நம் ஊரில் பாதிப் பேர் சான்றிதழுக்குச் செய்யும் முதல் மரியாதை இதுதான். பிரித்து எடுக்க முடியுமா என்றால் சிலவற்றில் முடியும், சிலவற்றில் எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். அந்த டீச்சர் என்னிடம் வருவதற்கு முந்தைய நாள்தான் யூடியூபைப் பார்த்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரு மூலையில் வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த மூலையில் இருந்த பதிவாளர் கையெழுத்தில் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. இனி சேதமான பட்டத்தை ஒப்படைத்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் நகல் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதுதான் வழி, அது மூன்று வாரத்தில் நடக்கிற காரியமில்லை. ஆகவே, ஆஃபர் லெட்டர் வந்த பிறகு காகிதங்களைத் தேடாதீர்கள். விண்ணப்பம் போடும் முன்பே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு கூட்டம் ப்ரொவிஷனல் சான்றிதழோடு வரும். படித்து முடித்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும், பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை, பட்டத்தை வாங்கவும் இல்லை. உள்ளூர்ப் பள்ளியில் யாரும் கேட்காததால் அப்படியே ஓடியிருக்கும். வெளிநாட்டுக்கு முத்திரை வாங்க அசல் பட்டம் வேண்டும். கட்டணம் கட்டினால் விழாவுக்குப் போகாமலே வாங்கலாம், ஆனால் நாள் பிடிக்கும்.

முத்திரை வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மாநில அரசின் கல்வித் துறை, அதைத்தான் ஹெச்.ஆர்.டி. என்கிறோம். அடுத்து வெளியுறவு அமைச்சகம். அமீரகம், கத்தார், குவைத் என்றால் அதன் பிறகு அந்த நாட்டுத் தூதரகம், அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். ஓமன், பஹ்ரைன், சவூதி மூன்றும் ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு தூதரக முத்திரையில்லாமல் ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால், நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு முடிந்துவிடும். சவூதிக்கு இது 2022 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, பழைய நினைப்பில் யாராவது தூதரகக் கட்டணமும் சேர்த்துக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஹெச்.ஆர்.டி.க்குப் பதில் டெல்லியில் எஸ்.டி.எம். (சப் டிவிஷனல் மாஜிஸ்ட்ரேட்) முத்திரை வாங்கிச் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பார்கள். சில பள்ளிகள் அதை ஏற்கும், சில மாநில முத்திரைதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பும். பணம் கட்டும் முன் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பெயர். தமிழர்களான நமக்கே உரிய தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவிதா ஆர்', பட்டத்தில் 'ஆர். கவிதா', பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர் கவிதா, குடும்பப் பெயர் ராமசாமி, கல்யாணத்துக்குப் பின் புதுப்பித்தவரென்றால் அங்கே கணவர் பெயர். நமக்கு எல்லாம் ஒரே ஆள், அங்கே கணினியில் பதிகிறவருக்கு மூன்று ஆள். இனிஷியலை விரித்தது மட்டும்தான் வித்தியாசம் என்றால் 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி முன் எடுக்கும் பிரமாணப் பத்திரம் பெரும்பாலும் போதும். எழுத்தே மாறியிருந்தால், பெயரே மாறியிருந்தால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் பின்னால் நிம்மதி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் இன்னும் கவனமாக இருங்கள்: 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அமீரகம் அறிவித்து, பிறகு கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் சரி என்று தளர்த்துவதற்குள் எத்தனை பேருக்குத் தூக்கம் போனது!

பி.எட்.டில் இரண்டு கேள்வி வரும். ஒன்று, ஏன் ஒரு வருஷம்தான் படித்திருக்கிறீர்கள் என்பது. 2015-க்கு முன்பு பி.எட். ஒரு வருஷப் படிப்பு, என்.சி.டி.இ. என்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிமுறை மாறிய பிறகுதான் இரண்டு வருஷம். இன்னொன்று, ஏன் பி.எட். வேறு பல்கலைக்கழகத்தில் என்பது. 2008-இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வந்தபின் பி.எட். கல்லூரிகள் அதன்கீழ் போனது வெளிநாட்டு ஹெச்.ஆருக்குத் தெரியாது. இரண்டையும் அரைப்பக்கக் கடிதமாக எழுதி இணைத்துவிடுங்கள். கத்தார் போகிறவர்கள் ரெகுலராகப் படித்தீர்களா, தேர்வு எங்கே எழுதினீர்கள் என்று பல்கலைக்கழகமே எழுதித் தரும் கடிதத்தையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தொலைநிலைப் பட்டம் இருப்பவர்கள் இதை மறைத்து விண்ணப்பிப்பதைப் பார்க்கிறேன். கடைசியில் எப்படியும் வெளியே வரும், அதற்குள் இங்கே வேலையை விட்டிருப்பார்கள்.

அனுபவச் சான்றிதழில் 'பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்' என்று இரண்டே வரி போதாது. சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, எந்தப் பாடம், எந்த வகுப்புகள், முதல்வர் கையெழுத்து, இன்றும் யாராவது எடுக்கும் தொலைபேசி எண், எல்லாம் இருக்கட்டும். பி.சி.சி.யை, அதாவது போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றை, மட்டும் கடைசியில் எடுங்கள், பல இடங்களில் ஆறு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்கமாட்டார்கள்.

எந்த ஏஜென்சியானாலும் சரி, என்னையும் சேர்த்துத்தான், அசலைக் கொடுக்கும்போது ரசீதில் ஒவ்வொரு சான்றிதழின் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். 'ஒரிஜினல் - 4' என்று மட்டும் எழுதிய ரசீதோடு வேறெங்கோ கொடுத்த அசலைத் தேடி ஒருவர் என்னிடம் வந்தார், அவருக்கு மூன்றுதான் திரும்பி வந்திருந்தது.