பிளெபைட்டிஸ்: வடிகுமிழ்த் தொற்று

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு, அறுவை நடந்த இடத்திலேயே பின்னாளில் கிருமி புகுந்து வரும் நோய்க்குப் பிளெபைட்டிஸ் என்று பெயர். அறுவை முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் வரலாம். அதனால்தான் இந்தப் பெயர் மருத்துவர் வாயில் மட்டும் இருந்தால் போதாது, நோயாளிக்கும் புரிய வேண்டும் என்கிறேன்.

சொல்லில் இரண்டு துண்டுகள். 'பிளெப்' ஆங்கிலம், சிறு கொப்புளம், நீர்க்குமிழி என்று பொருள். 'ஐட்டிஸ்' கிரேக்க விகுதி. ஆதியில் அதற்கு 'இதைச் சார்ந்த' என்று மட்டுமே பொருள். 'ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ்' என்றால் மூட்டைச் சார்ந்த நோய். நாளடைவில் நோயைக் குறிக்கும் 'நோசோஸ்' உதிர்ந்துபோய், விகுதி மட்டும் நின்று, அழற்சி என்ற பொருளைப் பெற்றது. நம் 'அழற்சி' அழல் என்ற சொல்லோடு உறவுடையது. சிவந்து, வீங்கி, எரிகிற எதற்கும் பொருத்தமான சொல்.

சரி, கண்ணில் கொப்புளம் எங்கிருந்து வந்தது? மருத்துவரே உண்டாக்கியது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கண் மருத்துவர் கெய்ர்ன்ஸ் 1968இல் விவரித்த டிராபெக்குலெக்டமி என்ற அறுவையில், மேல் இமைக்கு அடியில் வெள்விழியில் மூடிபோட்ட ஒரு சிறு வழி திறக்கிறார்கள். கண்ணுக்குள் தேங்கி அழுத்தத்தை ஏற்றும் நீர் அந்த வழியாகக் கசிந்து, மேலே மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் சேர்ந்து, பிறகு மெல்ல உறிஞ்சப்படுகிறது. நீர் சேரும் இடம் சற்றே மேடாகத் தெரியும். அந்த மேடுதான் பிளெப். அது இருந்தால்தான் அறுவை வேலை செய்கிறது என்று பொருள்.

உடம்போ அந்த வழியைப் புண்ணாக நினைத்துத் தழும்பு போட்டு மூடப் பார்க்கும். அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தை அறுவையின்போதே தடவுகிறார்கள். பலன் உண்டு, ஆனால் விலையும் உண்டு. சிலருக்குக் குமிழின் சுவர் இரத்தக் குழாய் இல்லாமல் வெளிறி, காகிதம்போல் மெலிந்துவிடுகிறது. மெலிந்த இடத்தில் நீர் கசியும். நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். கசிவைக் கண்டுபிடிக்க ஃபுளோரெசின் சாயத்தைத் தொட்டு நீல ஒளியில் பார்க்கிறார்கள். சாயத்தைக் கரைத்துக்கொண்டு ஒரு சிறு ஓடை இறங்கினால் கசிவு உறுதி.

தொற்று வந்துவிட்டால் அடையாளம் பளிச்சென்று தெரியும். நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைத் தூக்கினால், கண்ணாடிபோல் தெளிந்திருந்த குமிழ் பால்வெள்ளையாக இருக்கும். சுற்றிலும் இரத்தச் சிவப்பு. கூடவே வலி, பீளை, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல். குமிழோடு நின்றால் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை அடிக்கடி விட்டு அடக்கிவிடலாம். கண்ணின் உட்புறத்துக்குப் பரவினால் அது எண்டாஃப்தால்மைட்டிஸ், அதாவது உள்விழி அழற்சி. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கும்; பார்வையே பறிபோகலாம். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரமே இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தக் கூடாது.

இனி தமிழ்ச் சொல். அப்படியே 'பிளெபைட்டிஸ்' என்று எழுதிவிடலாமே என்றால், தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கையில் ஊசி ஏற்றிய இடத்தில் சிரை என்ற இரத்தக் குழாய் வீங்கிச் சிவக்கும் நோயையும் நாம் 'பிளெபைட்டிஸ்' என்றே எழுதுகிறோம். அது 'ஃபிளெப்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதற்கும் அதற்கும் உறவே இல்லை. போதாக்குறைக்கு இமை ஓரத்தில் செதில் கட்டும் 'பிளெஃபரைட்டிஸ்' வேறு. ஒன்று கை, ஒன்று இமை, ஒன்று கண்ணையே பறிக்கக்கூடியது. காதில் விழும்போது மூன்றும் ஒன்றுபோல.

'கொப்புளம்' என்றால் பொருள் நேர்தான். ஆனால் தமிழில் கொப்புளம் என்பது பழுக்கும், உடையும், ஆறி மறையும். கண்ணில் கொப்புளம் என்றதும் கண்கட்டி என்று நினைத்துக் கையால் அழுத்திவிடுவோர் உண்டு. அந்தச் சொல் இங்கே ஆபத்து. 'குமிழ்' அப்படியல்ல, வெறும் மேட்டைத்தான் குறிக்கிறது. நீர் வடிவதற்காகவே அமைத்தது என்பதால் 'வடிகுமிழ்' என்பதே என் தேர்வு.

விகுதியை நேராகப் பெயர்த்தால் 'வடிகுமிழ் அழற்சி'. பாடநூலுக்கு அது சரி. நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில் 'வடிகுமிழ்த் தொற்று' என்றே எழுதலாம். காரணம் கிருமி என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். இதே அடியிலிருந்து கசிவுக்கு 'வடிகுமிழ்க் கசிவு', தழும்பு மூடிய குமிழை ஊசியால் திறந்துவிடுவதற்கு 'வடிகுமிழ் ஊசித்திறப்பு' என்று மற்றச் சொற்களையும் ஆக்கிக்கொள்ளலாம்.