கள்ளமாகக் கேட்கும் பாட்டு

வன்னியில் யாரிடமாவது "உங்களுக்கு என்ன மாதிரிப் பாட்டு விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். சங்கீதம் படித்தவர் தியாகராஜர் கீர்த்தனையில் தொடங்குவார். கந்தோரில் வேலை பார்ப்பவர் "பழைய பாட்டுத்தான், இப்பத்தைப் பாட்டெல்லாம் ஒரு பாட்டே" என்று முடித்துவிடுவார். அப்புறம் அவருடைய போனில் கிடக்கும் சிப்பைத் திறந்தால் டப்பாங்குத்து, கானா, இரட்டை அர்த்தப் பாட்டு, சிங்கள பைலா என்று வரிசையாக வரும். "அது பெடியன் அடிச்சு வச்சது" என்பார். பெடியன் ஒளிப்பது வேறு: தகப்பன் காலத்துக் காதல் தோல்விப் பாட்டுகள். கூட்டாளிகள் அறிந்தால் பகிடி பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

பாட்டுப் பிடிக்கிறது, ஆனால் பிடிக்கிறது என்று சொல்லக் கூச்சம். இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒரே உணர்வு போலத் தெரிகிறது. மூளைக்குள் பார்த்தால் இவை இரண்டு தனித்தனி வேலைகள். இன்பம் பாட்டிலிருந்து வருகிறது. கூச்சம் பக்கத்தில் நிற்கிற ஆளிடமிருந்து வருகிறது, அவர் அங்கே உண்மையில் நிற்காவிட்டாலும்.

இன்பத்தை முதலில் எடுப்போம். 2011 இல் கனடாவின் மொன்றியலில் வலோரி சலிம்பூர், ரொபேர்ட் சட்டோரே ஆகியோரின் குழு, பாட்டுக் கேட்டால் மயிர்க்கூச்செறியும் ஆட்களாகப் பார்த்துத் தேர்ந்து, அவர்களுக்கு மிகப் பிடித்த இசையைக் கேட்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தது. உச்சக்கட்டம் வருவதற்குச் சற்று முன்னர், "இதோ வரப்போகிறது" என்று காத்திருக்கும் அந்த விநாடிகளில், கோடேட் என்ற பகுதியில் டோபமைன் என்ற மூளை இரசாயனம் சுரந்தது. உச்சம் வந்ததும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் சுரந்தது. பசிக்குச் சாப்பாடு கிடைத்தாலும் கைக்குக் காசு வந்தாலும் வேலைசெய்வது இதே பரிசுத் தொகுதிதான். கவனிக்க வேண்டியது, அவர்கள் கொண்டுவந்த இசையின் வகை. மேற்கத்தியச் செவ்வியல் இசையும் இருந்தது, ஜாஸும் இருந்தது, பங்க், டெக்னோ, டாங்கோவும் இருந்தன. டோபமைன் எந்த வகைக்கும் குலம் கோத்திரம் விசாரிக்கவில்லை.

டோபமைன்தான் இன்பத்துக்குக் காரணமா, அல்லது இரண்டும் வெறுமனே ஒன்றாக வருகின்றனவா என்ற சந்தேகத்துக்கு 2019 இல் ஒரு விடை வந்தது. 27 பேருக்கு வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு மாத்திரை கொடுத்தார்கள்: டோபமைனைக் கூட்டும் லெவோடோபா, அதைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், மூன்றாவது வெறும் மாத்திரை. கூட்டியபோது இசை இன்பமும் கூடியது, தடுத்தபோது குறைந்தது. பாட்டை வாங்கத் தம் காசைச் செலவழிக்கும் மனமும் அதே மாதிரி ஏறி இறங்கியது.

ஏன் சுரக்கிறது? 304 விளையாடுகிறவர் அடுத்து விழப்போகும் சீட்டைக் கணித்துக்கொண்டே இருப்பது போல, காது அடுத்த அடியையும் அடுத்த சுரத்தையும் கணித்துக்கொண்டே இருக்கிறது. கணிப்புச் சரிவந்தால் ஒரு மகிழ்ச்சி. கொஞ்சமாகப் பிழைத்தால் இன்னொரு மகிழ்ச்சி. ஜேர்மனியில் வின்சென்ட் சியங்கின் குழு 745 அமெரிக்க வெகுசனப் பாட்டுகளிலிருந்து சுமார் 80,000 கோர்ட்டுகளை, அதாவது பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சேர்க்கைகளை, கணினியிடம் கொடுத்து ஆராய்ந்தது. இதுதான் வரும் என்று உறுதியாக நம்பியிருக்கும்போது வேறொன்று வந்தால் ஆட்கள் ரசித்தார்கள். என்ன வரும் என்றே தெரியாமல் தடுமாறும்போது எதிர்பார்க்கத்தக்க ஒன்று வந்தாலும் ரசித்தார்கள். தாளத்திலும் இதே கதைதான். 2014 இல் மரியா விடெக் குழுவினர் டிரம்ஸ் தாளங்களைக் கேட்கவைத்தபோது, அடி இடம்மாறி விழுவது அறவே இல்லாத தாளமும் பிடிக்கவில்லை, அளவுக்கு மீறியதும் பிடிக்கவில்லை. நடுவில் இருந்ததுதான் ஆடவைத்தது.

டப்பாங்குத்தும் பைலாவும் பெரும்பாலும் ஆறெட்டுத் தாளத்தில் வருபவை. ஆறு அடியை மும்மூன்றாகவும் பிரிக்கலாம், இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம். மேளக்காரர் இந்த இரண்டுக்கும் இடையில் உங்களை வைத்து விளையாடுகிறார். கால் தானாக ஆடத் தொடங்குவதைப் பார்த்து "கீழ்த்தரமான ரசனை" என்பவருக்கு அந்த விளையாட்டின் கணக்குப் புரியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

"ஒரே வரியைத்தானே திரும்பத் திரும்பப் பாடுகிறான்" என்பது மற்ற முறைப்பாடு. அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் மார்குலிஸ் ஒரு குறும்பு செய்தார். இருபதாம் நூற்றாண்டின் கடினமான இசைப் படைப்புகளில் சில துண்டுகளை வெட்டி, அப்படியே திரும்ப ஒட்டி, கேட்டவர்களிடம் விட்டார். பெரிய இசையமைப்பாளர்கள் வேண்டுமென்றே திரும்பவராமல் எழுதிய இசை அது. கேட்டவர்களோ ஒட்டுப்போட்ட வடிவமே இனிமையாக இருக்கிறது என்றார்கள். காத்தவராயன் கூத்தை விடியவிடியப் பார்த்தவர்களுக்கு இது செய்தியே இல்லை. கூத்தர் ஒரு அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதையே வாங்கிப் பாட, சுற்றியிருக்கும் சனமும் முணுமுணுக்கும். மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால்தான் அந்த இரவு அவ்வளவு நீளத்தைத் தாங்குகிறது.

அடுத்தது பழக்கம். ரொபேர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968 இல் அர்த்தமில்லாத சொற்களையும், சீன எழுத்து மாதிரியான கோலங்களையும், முன்பின் தெரியாத முகங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒரு தடவை, சிலவற்றை 25 தடவை. எது அதிக தடவை கண்ணில் பட்டதோ அது அதிகம் பிடித்தது. அதற்கு வேறு நியாயம் ஒன்றும் தேவைப்படவில்லை. பாட்டுக்கும் இது பொருந்தும், ஒரு எல்லைவரை. அதற்கு மேல் திகட்டிவிடும்.

இந்த ஆய்வை மனதில் வைத்துக்கொண்டு தொண்ணூறுகளின் வன்னியைப் பாருங்கள். 1990 இல் போர் மறுபடி தொடங்கிய பின் பல ஆண்டுகளுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சனம் என்ன செய்தது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவையும் கசெற்றையும் ஓட்டியது. சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட் தரும். நான்கு பற்றரி போடும் பெட்டிக்கும் 6 வோல்ட்தான் வேண்டும். கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளரும். இப்படி உழைத்துக் கேட்கிற வீட்டில் கசெற்றுகள் பத்தோ பன்னிரண்டோதான். தெரிவு செய்ய எங்கே இடம்? கையில் கிடைத்த கசெற்றில் எந்தப் பாட்டு இருந்ததோ, அது நூறு தடவை காதில் விழுந்தது. அப்படி விழுந்தது சாதாரணப் படத்தின் சாதாரணப் பாட்டாக இருந்தாலும், அன்று பெடல் சுற்றிய சிறுவனுக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயதில் அது சாதாரணப் பாட்டு இல்லை.

சிறுவயதில், குறிப்பாகப் பத்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில், கேட்டவை மற்ற வயதில் கேட்டவற்றைவிட ஆழமாக நினைவில் தங்குகின்றன. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அதைவிடச் சுவாரசியமானது 2013 இல் கரோல் கிரம்ஹான்சல் கண்டது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் வெற்றிப் பாடல்களைப் போட்டுக்காட்டினார். அவர்கள் தங்கள் காலத்துப் பாட்டுகளோடு ஒட்டியிருந்தது எதிர்பார்த்ததே. தங்கள் பெற்றோரின் இளமைக் காலத்துப் பாட்டுகளோடும் அதேபோல ஒட்டியிருந்தார்கள். வீட்டில் பெரியவர்கள் போட்டுக் கேட்டது பிள்ளையின் காதில் ஊறிவிட்டது. அந்தப் பெடியன் ஒளிக்கிற காதல் தோல்விப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறது.

இதெல்லாம் எவ்வளவு வேகம் என்றால், தெரிந்த பாட்டையும் தெரியாத பாட்டையும் மூளை 0.1 முதல் 0.3 விநாடிக்குள் வேறுபடுத்திவிடுகிறது. லண்டனில் 2019 இல் கண்மணி விரிவதையும் மூளை மின்னலைகளையும் வைத்து இதை அளந்தார்கள். சிறிய ஆய்வுதான். என்றாலும், "இது தரமான பாட்டா?" என்ற கேள்வியை மனம் எடுத்து வருவதற்குள் காது தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது போதும்.

சரி, கூச்சம் எங்கே பிறக்கிறது? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பேர்ன்ஸ் குழுவினர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகவே வருகிறது. 12 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாத பாடகர்களின் பாட்டுத் துண்டுகளைப் போட்டார்கள். முதலில் தனியே மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அந்தப் பாட்டு மற்றவர்களிடம் எவ்வளவு பிரபலம் என்று காட்டி இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். பிள்ளைகள் மதிப்பெண்ணை மாற்றினார்கள். பாட்டு எவ்வளவு பிடித்தது என்பதோடு சேர்ந்து ஏறி இறங்கியது மேலே சொன்ன கோடேட் பகுதி. மற்றவர்களைப் பார்த்து மதிப்பெண்ணை மாற்றும் போக்கோடு சேர்ந்து வேலைசெய்தவை முற்புற இன்சுலாவும் முற்புற சிங்குலேட்டும். மன அந்தரத்தோடும் நோவோடும் அடிக்கடி பேசப்படும் பகுதிகள் இவை. மற்றவர்களின் மதிப்பைக் கண்டதும் பாட்டு புதிதாக இனிக்கத் தொடங்கியதாகத் தெரியவில்லை. தனித்துப்போய் விடுவோமோ என்ற அந்தரம்தான் கையை மாற்றிப் போடவைத்தது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்சுலா வேறு பல வேலைகளும் செய்வதால் இந்த வாசிப்பில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

எந்தப் பாட்டுக்குக் கூச்சம் என்பதை முடிவுசெய்வது ஊர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979 இல் எழுதியது இன்றும் பழசாகவில்லை: ஒருவர் எதை ரசிக்கிறார் என்பதைவிட எதை அருவருக்கிறார் என்பதில்தான் அவருடைய வர்க்கம் வெளிப்படுகிறது. இப்போது படித்தவர்கள் "நான் எல்லா இசையும் கேட்பேன்" என்று சொல்வது நாகரிகமாகிவிட்டது. 1996 இல் பெதனி பிரைசன் அமெரிக்கக் கணிப்பொன்றை அலசியபோது இந்த "எல்லா"வுக்குள் எது அடங்கவில்லை என்று தெரிந்தது. பரந்த ரசனை உடையவர்கள் ஒதுக்கியது, படிப்புக் குறைந்தவர்கள் அதிகம் விரும்பிய ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி, கொஸ்பல். நம் ஊரில் பறைமேளத்துக்கும் கானாவுக்கும் கிடைக்கும் மரியாதையை இதோடு வைத்துப் பார்த்தால் சாதியும் உள்ளே வந்துவிடும். அதைப் பேசாமல் தமிழ் இசை ரசனையைப் பேச முடியாது.

வன்னியில் இன்னொரு கூச்சமும் உண்டு. ஏ9 வீதியில் கொழும்பு பஸ்ஸில் சிங்கள பைலா ஓடும். தாளம் காதுக்குப் புதிதல்ல; அறுபதுகள், எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப்பிசையும் அதே தாளத்தில் துள்ளியது. கால் ஆடும். முள்ளிவாய்க்காலில் ஆளையும் வீட்டையும் இழந்த ஒருவருக்கு அப்படிக் கால் ஆடுவதில் ஏற்படும் உறுத்தலை, சங்கீத ரீச்சர் கானா கேட்கும் கூச்சத்தோடு ஒரே தட்டில் நான் வைக்கமாட்டேன். முன்னது, தன் சனத்துக்குத் துரோகம் செய்கிறேனோ என்ற கேள்வி. காதின் பக்கம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்: அது மொழியைக் கேட்கும் முன்பே தாளத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

பெண்களை இழிவுசெய்யும் வரிகளுள்ள பாட்டும் வேறு கணக்கு. அதில் வரும் உறுத்தலுக்குக் காரணம் வரியிலேயே இருக்கிறது. மெட்டு இனிக்கிறது என்பது அந்த வரியை நியாயப்படுத்தாது.

கூச்சம் பார்வையாளரால் வருவது என்றால், பார்வையாளரே ஆடத் தொடங்கினால் என்ன ஆகும்? 2015 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பிரேசிலில் பாடசாலை மாணவர்களைக் குழுக்களாக ஆடவிட்டார்கள். ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியவர்களுக்கு நோவு தாங்கும் அளவு கூடியது. கூட ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியது. கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து, லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி வந்த ஸ்பீக்கர் பொக்ஸில் குத்துப்பாட்டு அதிரும்போது நடப்பது இதுதான். மாமா இறங்குவார், சித்தப்பா இறங்குவார், கந்தோர்க்காரரும் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு இறங்குவார். பார்க்க ஆளில்லாததால் கூச்சத்துக்கும் வேலையில்லை. வீடியோக்காரர் கமராவைத் திருப்பும் நேரம் மட்டும் கந்தோர்க்காரரின் ஆட்டம் சற்று அடங்கும்.