ஓரடி ஆழத்துக்குள் ஒரு ஸ்டீரியோ

அலமாரியில் வைக்க ஸ்டீரியோ தேடுபவர்கள் பெரும்பாலும் அகலத்தை அளந்துகொண்டுதான் கடைக்குப் போகிறார்கள். வாங்கி வந்த பிறகு காலை வாருவது ஆழம். சுவர் அலமாரியும் ஷோகேஸும் பல வீடுகளில் 12 அங்குல ஆழம்தான், அதாவது 30 செ.மீ. கண்ணாடிக் கதவு இருந்தால் அதிலும் இரண்டு மூன்று செ.மீ. போய்விடும். முழு அளவு ஹைஃபை ஆம்ப்ளிஃபயரின் வழக்கமான அகலம் 43 செ.மீ., ஆழம் 30 முதல் 40 வரை. அதை அங்கே வைத்தால் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

விளம்பரத்தில் போடும் ஆழம் பெட்டிக்கு மட்டும்தான், பின்னால் செருகும் பின்களுக்குக் கணக்கில்லை. ஸ்பீக்கர் ஒயரின் பனானா பின்னுக்கு 4 முதல் 5 செ.மீ. வேண்டும். ஆர்சிஏ ஒயர் (பாட்டுச் சிக்னலைக் கொண்டுவரும் ஒயர்) மடங்காமல் வளைய ஏறக்குறைய 5, பவர் கார்டுக்கு 6. ஆகவே 30 செ.மீ. தட்டில் பெட்டியின் ஆழம் 24-ஐத் தாண்டக் கூடாது. எல் வடிவப் பின் போட்டால் இரண்டு மூன்று செ.மீ. மிச்சமாகும்.

ஆழத்தைத் தீர்த்துக்கொண்டால் அடுத்த சிக்கல் காற்று. தாழ்ந்த ஒலியை, அதாவது பேஸை எழுப்ப ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் (காற்றைத் தள்ளும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். சுவரை ஒட்டிய ஒரு ஸ்பீக்கர் 1 மீட்டரில் 90 டெசிபல் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 80 ஹெர்ட்ஸில் 10 செ.மீ. வூஃபரின் (பெட்டிக்குள் தாழ்ந்த ஒலியைத் தரும் பகுதி) கோன் முன்னும் பின்னும் சுமார் 3.4 மி.மீ. நகர்ந்தால் போதும், சிரமம்தான், ஆனால் முடியும். அதே வூஃபரிடம் 40 ஹெர்ட்ஸ் கேட்டால் 13 மி.மீ.க்கு மேல் நகர வேண்டும். அவ்வளவு நீட்சி அந்த அளவு வூஃபருக்குக் கிடையாது. கோனை ஆட்டும் கம்பிச்சுருள் (காயில்) காந்த இடைவெளியை விட்டு வெளியே வரும், ஒலி கரகரக்கும், கடைசியில் எதிலாவது முட்டும். கோன் பரப்பு இரண்டரை மடங்கு இருக்கிற 16 செ.மீ. வூஃபர் இதை 6 மி.மீ.க்குள் முடித்துவிடும். ஆனால் அதன் பெட்டி உங்கள் தட்டில் ஏறாது.

வூஃபரைப் பெரிதாக்கிப் பெட்டியை மட்டும் சிறிதாக வைத்தால்? உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி. பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் விறைக்கும், ஸ்பீக்கர் எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த அதிர்வெண் மேலே ஏறும். கோனை கனமாக்கி அதைக் கீழே இறக்கலாம், ஆனால் அப்போது ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் சத்தம் குறையும். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த வாட்டில் நிறைய சத்தம்: இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். 1957-இல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி கேஎல்எச்-இன் பெயரில் எச் என்ற எழுத்துக்கு உரிய ஜே. ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் இதை இரும்பு விதி என்பார்கள். மூன்றும் கிடைக்கும் என்று சொல்லும் விளம்பரம் எதையோ மறைக்கிறது.

இந்த விதியோடு மல்லுக்கட்டாமல் இசைந்துபோன ஸ்பீக்கர்தான் 1970-களில் பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைக்கத் தேவைப்பட்டது. உயரம் சுமார் 30, அகலம் 19, ஆழம் வெறும் 16 செ.மீ. மூடிய பெட்டி. ஆழ்ந்த பேஸைக் கைவிட்டார்கள், சத்தத்தையும் விட்டுக்கொடுத்தார்கள் (1 வாட்டுக்கு 82, 83 டெசிபல்தான்). பதிலுக்கு மனிதக் குரல் குரலாகவே வந்தது. அலமாரிக்காரர்களுக்கு இன்றும் இதுவே நல்ல வழிகாட்டி என்பேன்: சிறிய பெட்டியிடம் குரலை எதிர்பார்க்கலாம், இடியை எதிர்பார்க்கக் கூடாது. 40 ஹெர்ட்ஸே வராவிட்டாலும் அதன் மேற்சுரங்களான 80, 120, 160 கேட்டாலே மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். போன் ஸ்பீக்கரில்கூட ஓர் ஆணின் குரல் ஆணின் குரலாகவே கேட்பது இதனால்தான்.

பின்புறம் போர்ட் துளை (பேஸைக் கூட்டப் பெட்டியில் விடும் துளை) உள்ள ஸ்பீக்கரை அலமாரிக்கு வாங்க வேண்டாம். துளைக்கும் சுவருக்கும் நடுவே துளையின் விட்ட அளவாவது இடைவெளி வேண்டும், அதற்கு நம்மிடம் ஆழம் இல்லை. இடைவெளி இருந்தாலும் அலமாரிக் குழிக்குள் அந்த பேஸ் சுற்றிச் சுற்றி 'கும்'மென்று அடைக்கும். மூடிய பெட்டி, இல்லையென்றால் முன்புறத் துளை நல்லது. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் துளையில் ஸ்பாஞ்சை அடைத்துப் பாருங்கள். பேஸின் அளவு குறையும், தெளிவு கூடும்.

அலமாரியும் ஒலியில் கை வைக்கும். ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து 30 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றால், தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய், சுவரில் பட்டு 60 செ.மீ. தாமதமாகத் திரும்பும். 286 ஹெர்ட்ஸுக்கு அது சரியாக அரை அலைநீளம். நேர் ஒலியும் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று அழிக்க, குரலின் சதைப்பற்று இருக்கும் இடத்தில் பள்ளம் விழும். இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. ஸ்பீக்கரின் முகத்தைத் தட்டின் விளிம்போடு சமமாக வைத்து, இரு பக்கமும் மேலும் உள்ள காலி இடத்தைப் புத்தகங்களால் நிரப்புங்கள். புத்தகங்களின் முதுகே புதிய சுவராகிவிடும், ஒலி பின்னால் போக வழியிருக்காது. ஸ்பீக்கரை உள்ளே தள்ளிவைத்து முன்னால் பொம்மை வரிசை வைப்பதுதான் மிக மோசமான ஏற்பாடு.

சுவருக்கு அருகே இருப்பதால் பேஸ் தானாகவே கூடும், அதிகபட்சம் 6 டெசிபல் வரை. அதனால் ஆம்ப்பில் பேஸ் குமிழை முதல் நாளே ஏற்ற வேண்டாம்.

ஆம்ப் விஷயத்தில் காலம் நம் பக்கம். கிளாஸ் ஏபி என்ற பழைய வகை ஆம்ப் கணிசமான மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். மேலே 10 செ.மீ. இடம் விடாமல் மூடிய தட்டில் வைத்தால் அடிக்கடி அணையும். கிளாஸ் டி என்ற புதிய வகை, டிரான்சிஸ்டரை நொடிக்குச் சில லட்சம் முறை முழுதாகத் திறந்து மூடுகிறது. பாதி திறந்த நிலை அநேகமாக இல்லாததால் சூடும் குறைவு, முழு சத்தத்தில் திறன் 90 சதவீதம்வரை போகும். உள்ளங்கை அளவு பெட்டியே போதும்.

ஆனால் அதன்மேல் அச்சிட்ட வாட்டை நம்பாதீர்கள், அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட் அடாப்டர் என்றால் ஸ்பீக்கருக்குப் போகும் உச்ச வோல்ட் 24. அதை 1.414-ஆல் வகுத்தால் 17. அதன் வர்க்கம் 289. 8 ஓமால் வகுத்தால் 36 வாட், 4 ஓம் என்றால் 72. நடைமுறையில் இன்னும் குறையும். 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் கொடுத்துவிட்டு '2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' (விளம்பரத்துக்காக ஊதிய உச்ச வாட்) என்று ஒட்டியிருந்தால், உள்ளே போவதே 36 வாட்தான் என்று சிரித்துவிட்டு நகரலாம்.

எவ்வளவு தேவை? 1 வாட்டில் 1 மீட்டரில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஸ்பீக்கருக்கு 1 வாட் வீதம் சுமார் 82 டெசிபல். 16 வாட்டில் 94. அதுவே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவு. 30-ஐ 60 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்.

பேஸ் வேண்டும் என்றே இருந்தால் அதை அலமாரியிலிருந்து தரைக்கு இறக்கிவிடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் பிடிபடாது, எனவே சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர்) சோபா ஓரத்தில் இருக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சப் அவுட் (சப்வூஃபருக்கான இணைப்பு) உள்ள பல சிறிய ஆம்ப்கள், சின்ன ஸ்பீக்கருக்கும் முழு பேஸை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அந்த 13 மி.மீ. தொல்லை அப்படியே தொடரும். ஹை-பாஸ் வசதி (சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் பேஸை வெட்டுவது) உண்டா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால், பாட்டு வரும் கருவியிலிருந்தே சப்புக்குத் தனி ஒயர் பிரித்துவிட்டு, ஸ்பீக்கர் ஆம்ப்புக்குள் போகும் ஆர்சிஏ ஒயரில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கெபாசிட்டரைத் தொடராகப் போடலாம். ஆம்ப்பின் இன்புட் 20 கிலோஓம் என்றால் 0.1 மைக்ரோஃபாரட், 10 கிலோஓம் என்றால் 0.2, இரண்டும் 80 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும்.

ட்வீட்டர் (உயர்ந்த ஒலியைத் தரும் சின்னப் பகுதி) காது உயரத்துக்கு வர வேண்டும். தட்டு உயரத்தில் இருந்தால் ஸ்பீக்கரின் பின்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து முகத்தைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். அந்த ரப்பர் தட்டின் அதிர்வையும் அடக்கும். கடைசியாக, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு 40-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்கோ 'கிர்ர்' என்று சத்தம் வரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன், கண்ணாடிக் கதவையும் மேல்தட்டு எவர்சில்வர் டம்ளர்களையும் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள்.