மூன்று நிமிட ஷொட்டுக்குள் என்ன நடக்கவேண்டும்?

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எடுத்த குறும்படங்கள் எடிட்டிங்குக்கு வரும்போது ஒரே ரக ஷொட் (வெட்டில்லாமல் ஓடும் ஒரு காட்சித்துண்டு) அடிக்கடி கண்ணில் படும். கடலைப் பார்த்தபடி ஒருவர், அசையாத கமரா, இரண்டு நிமிடம், பின்னால் புல்லாங்குழல். கேட்டால் "தார்க்கோவ்ஸ்கி பாணி" என்பார்கள். பாவம் அந்த மனுசன்.

படத்துக்குத் தாளம் தருவது வெட்டு இல்லை, ஒவ்வொரு ஷொட்டுக்குள்ளும் ஓடும் காலத்தின் அழுத்தமே என்பதுதான் ரஷ்யத் திரைப்பட இயக்குநர் அந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் (1932–1986) வாதம். அழுத்தம் வரவேண்டுமென்றால் பிரேமுக்குள் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். அது இடையில் கெட்டுப்போகவும் கூடியதாக இருக்கவேண்டும். 1983இல் வந்த அவருடைய 'நொஸ்டால்கியா' படத்தில் ஒருவர் எரியும் மெழுகுதிரியோடு தண்ணீர் வற்றிய குளமொன்றைக் கடக்கவேண்டும். சுடர் அணைந்தால் திரும்பப் போய்த் தொடக்கத்திலிருந்து நடக்கவேண்டும். இரண்டு தரம் அணைகிறது. ஏறத்தாழ 9 நிமிடம், வெட்டே இல்லை, கமரா பக்கத்திலேயே நகர்கிறது. பார்ப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடரையே பார்க்கிறார். பக்தி அங்கேதான் பிறக்கிறது, வசனத்தில் இல்லை.

இதை நம்மூர் வீட்டில் செய்து பார்க்கலாம். மரைன் டிரைவ் பக்கத்து மாடிவீடு, சாமி அறை, ஒரு குத்துவிளக்கு, திரி ஏற்றும் அம்மம்மா. சன்னலை நாலு விரல் அளவு திறந்து வையுங்கள், சுடர் சாயட்டும். கரையோர ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி அதிரும், அவர் கை ஒரு கணம் நிற்கும். அந்த நிறுத்தத்துக்காகத்தான் மூன்று நிமிடமும். நேர அட்டவணையை நம்பவேண்டாம். முதல் நாளே அங்கே இருந்து, ரயில் வருகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுத்திரி நின்று எரிய ஒரு நிமிடமாவது எடுக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் எண்ணெயை அதே மட்டத்துக்கு ஊற்றாவிட்டால் எடிட்டிங்கில் விளக்கு தானாக நிரம்பி வற்றும்.

இனிக் கமரா. கமரா தானாகவே மாற்றிக்கொள்ளும்படி ஓட்டோவில் விட்ட எதுவும் நீண்ட ஷொட்டில் காட்டிக்கொடுத்துவிடும். ஐஎஸ்ஓ, அதாவது கமராவின் ஒளி உணர்திறன், ஓட்டோவில் இருந்தால் சுடர் சாயும்போதெல்லாம் சுவர் மூச்சுவிடுவதுபோல வெளுத்துக் கறுக்கும். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; விளக்கு வெளிச்சம் 2000 கெல்வினுக்குக் கிட்ட இருக்கும். எது வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லும் வைட் பெலன்ஸை 3200இல் பூட்டினால் பொன்நிறம் நிற்கும், ஓட்டோவில் விட்டால் ஆள் குறுக்கே போகும்போது நிறம் மாறும். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 செக்கன். 24 பிரேம்தான் வேண்டுமென்றாலும் ஷட்டரை 1/50இலேயே வையுங்கள். 1/48 என்றால் டியூப் லைட் வெளிச்சத்தில் மெல்லிய பட்டை ஊர்ந்து போகலாம். மலிவான எல்ஈடி பல்புகளுக்கு இந்தக் கணக்கும் சரிவராது, முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த லென்ஸ் கொழும்பு ஈரக்காற்றில் உடனே பனிக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது.

ஆனால் இந்த வகைப் படங்கள் அதிகம் தோற்பது சத்தத்தில்தான். வெட்டு அடிக்கடி வந்தால் ஃபேன் இரைச்சல் ஒளிந்துகொள்ளும். மூன்று நிமிடம் ஒரே பிரேம் என்றால் அதுதான் கதாநாயகன். ஃபேனை நிறுத்துங்கள், பிரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தியவர் தன் மோட்டார்சைக்கிள் திறப்பைப் பிரிட்ஜுக்குள் வைக்கட்டும், எடுக்க வரும்போது பிரிட்ஜைத் திரும்பப் போடுவார், இல்லாவிட்டால் அடுத்த நாள் வீட்டுக்காரரின் மீன் நாறும். எல்லாரும் அறைக்குள் இருக்கும்போதே, மைக்கை அசைக்காமல், எடிட்டிங்கில் அடியில் ஓடவிடுவதற்காக அறையின் வெறும் சத்தத்தை 3 நிமிடம் பதியுங்கள். 10 செக்கன் பதிந்து திருப்பித் திருப்பி ஒட்டினால் அதே காகம் பதினெட்டுத் தரம் கரையும்.

முதல் டேக்கே கடைசி டேக் என்றால் இரண்டாவது கமராவும் வையுங்கள். தார்க்கோவ்ஸ்கியின் 'தி சாக்ரிஃபைஸ்' படத்துக்காகச் சுவீடனின் கொட்லாண்ட் தீவில் ஒரு வீட்டையே எரித்தபோது கமரா இடையில் நின்றுவிட்டது. வீடு சாம்பல். அதைத் திரும்பக் கட்டி, இரண்டாம் முறை இரண்டு கமராவோடு எரித்தார்கள். ஒளிப்பதிவு, உலகப் புகழ்பெற்ற சுவீடன்காரர் ஸ்வென் நிக்விஸ்ட். அவருக்கே அந்தக் கதி. இங்கே பெரும்பாலும் கமராவை நிறுத்துவது வெக்கைதான். டேக்குகளுக்கு இடையில் அணைத்து வையுங்கள், கமராவின் சின்னத் திரையை அதன் உடலிலிருந்து விலக்கி விரியுங்கள்.

35 மி.மீ. பிலிமில் 1000 அடிச் சுருள் 24 பிரேமில் 11 நிமிடம்தான் ஓடும், அதனால் ஒத்திகை கட்டாயம். மெமரி கார்ட்டில் இடம் இருப்பதால் நாம் ஒத்திகையை விட்டுவிட்டோம். பிறகு எடிட்டரிடம் "கொஞ்சம் ஸ்லோ மோஷன் போடுங்கோ" என்று கேட்கிறோம். சுடரை இழுத்தால் அது ரப்பர் மாதிரி அசையும். காலம் அங்கேயே செத்துவிடும்.

எங்கே வெட்டுவது என்று தெரியாவிட்டால் இசையை அணைத்துவிட்டு, உங்கள் படத்தை முன்பு பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, திரையை விட்டு அவருடைய கண்களைப் பாருங்கள். அவர் போனைத் தேடும் செக்கனைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் பிரேமுக்குள் என்ன நின்றுபோனது என்று பாருங்கள். அநேகமாக நடிகர் செய்துகொண்டிருந்த வேலை அங்கே முடிந்திருக்கும்.