டைம் ஷீட்டில் 8.30 என்று அடிக்காதீர்கள்

திருப்பூர் பக்கம் சின்னச் சின்ன கார்மென்ட்ஸ் யூனிட்டுகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வெள்ளிக்கிழமை இரவு எக்ஸெல் ஷீட்டுகள் வாட்ஸப்பில் வந்து குவியும், சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். அந்த அவசரத்தில் கேட் நோட்டைப் பார்த்து நேரம் ஏற்றுகிறவர்கள் எட்டரையை 8.30 என்று அடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. 8:30 என்று அடிக்கத் தேவையான கோலன் நம்பர் பேடில் கிடையாது. ஒவ்வொரு நேரத்துக்கும் கையை எடுத்து ஷிப்ட் கீயோடு சேர்த்து அடிக்க வேண்டும். புள்ளியோ விரலுக்கடியிலேயே இருக்கிறது. கையால் எழுதும்போதும் நாம் 8.30 என்றுதானே எழுதுகிறோம்!

ஆனால் எக்ஸெலுக்கு அது வெறும் தசம எண். ஒருவர் ஒரு வாரத்தில் 2.30, 1.45, 2.30 என்று ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்திருக்கிறார். ஷீட் கூட்டினால் 6.05 வரும். உண்மையில் அது 6 மணி 45 நிமிடம், அதாவது 6.75 மணி. ஓ.டி. மணிக்கு 150 ரூபாய் என்றால் ஒரே ஆளுக்கு 105 ரூபாய் குறைகிறது. இப்படிக் கூட்டும்போது பிழை எப்போதும் தொழிலாளிக்கு எதிராகத்தான் விழும், ஏனென்றால் 60 நிமிடத்தை நூறாக நினைத்து வகுக்கிறோம். உள்ளே வந்த நேரத்தை வெளியே போன நேரத்திலிருந்து கழிக்கும் ஷீட்டில் அது இரண்டு பக்கமும் சாயும். 17.30-இல் 8.45 போனால் 8.85, பத்தில் ஒரு மணி கூடுதல். 17.45-இல் 8.30 போனால் 9.15, பத்தில் ஒரு மணி குறைவு. எந்த செல்லும் சிவப்பாக மாறாது, எந்த எச்சரிக்கையும் வராது. அதுதான் தொல்லை.

வேகமும் வேண்டும், கணக்கும் சரியாக வர வேண்டும் என்றால் நான் சொல்வது இதுதான்: புள்ளியும் வேண்டாம், கோலனும் வேண்டாம். 830, 1730, 2030 என்று வெறும் எண்ணாக 24 மணிக் கணக்கில் ஏற்றுங்கள். நம்பர் பேடை விட்டுக் கை நகராது. பக்கத்து நெடுவரிசையில் ஒரு ஃபார்முலா போடுங்கள்: எண்ணை நூறால் வகுத்தால் வரும் முழு எண் மணி, மீதி நிமிடம். முழு எண்ணைத் தரும் ‘இன்ட்’, மீதியைத் தரும் ‘மாட்’ இரண்டையும் ‘டைம்’ ஃபங்ஷனுக்குள் கொடுத்தால் முடிந்தது. எண்ணை ஏற்றும் நெடுவரிசையை மட்டும் டைம் ஃபார்மேட்டில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் 830 என்று அடித்ததும் 0:00 என்று காட்டும், ஏற்றுகிறவர் பயந்துபோய் பழையபடி புள்ளிக்குத் திரும்பிவிடுவார். அப்புறம், தவறான எண்ணைத் தடுக்கும் டேட்டா வேலிடேஷனில் கடைசி இரண்டு இலக்கம் 60-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் கை தவறி 875 என்று அடித்தாலும் ஃபார்முலா சத்தமில்லாமல் 9:15 ஆக்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் ஒரே நேரத்துக்கு வந்திருந்தால் செல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு தடவை அடித்து, கன்ட்ரோலோடு என்டரைத் தட்டினால் எல்லாவற்றிலும் ஏறிவிடும். நல்ல வசதி. ஆனால் இதை கேட் நோட்டைப் பார்க்காமல் செய்கிற இடங்களும் உண்டு. மாதம் முழுக்க அத்தனை பேரும் 8:30-க்குச் சரியாக வந்ததாகக் காட்டும் ஷீட்டை எந்த அதிகாரி நம்புவார்?

எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1, மதியம் 12 மணி 0.5. இதைத் தெரிந்துகொண்டால் மற்ற குழப்பங்கள் தாமாகப் புரியும். ஆறு நாள், எட்டு எட்டு மணி நேரம் கூட்டினால் 48 வராமல் 0:00 என்று நிற்பது, இரண்டு முழு நாள் போக மிச்சம் ஏதுமில்லை என்பதால். ஃபார்மேட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் 48:00 வரும். வாரம் 48 மணிக்கு மேல் இரட்டிப்புச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னதால் இந்த ஒரு செல் தப்பாக இருக்கக் கூடாது. இரவு 10 மணிக்கு வந்து காலை 6-க்குப் போகிறவருக்கு ##### வந்தால், விடை மைனஸில் போயிருக்கிறது. அங்கே 1 கூட்ட வேண்டும். எட்டரை மணி நேரத்தை 80 ரூபாயால் பெருக்கி 28.33 வந்தால் 24-ஆல் பெருக்க மறந்திருக்கிறார்கள். சரியான விடை 680.

சம்பளச் சீட்டில் மணி நேரத்தைத் தசமத்தில் அச்சிடாமல் 6:45 என்றே அச்சிடுங்கள். பல அக்காமார்கள் வீட்டுக் காலண்டரில் ஓ.டி.யைக் குறித்து வைத்திருப்பார்கள். சீட்டில் 6.75 என்று பார்த்தால் ஆறு மணி எழுபத்தைந்து நிமிடம் என்று படித்து, ஏழே கால் மணிக்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.