படத்தில் கறுப்பாக விழும் சிவப்புத் தொண்டை

கலிஃபோர்னியாவில் வீட்டுத் தோட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் வந்துபோகும் ரீங்காரச்சிட்டின் (ஹம்மிங்பேர்ட்) பெயர் அன்னா. எடை, ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் நாணயம்தான். (நம் ஊர்த் தேன்சிட்டு இதன் உறவல்ல, ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு.) ஆண் அன்னாவின் தலையும் தொண்டையும் ஒரு கணம் கரி பூசியதுபோல் இருக்கும். கழுத்தைத் திருப்பியதும் ரோஜாச் சிவப்பில் தகதகக்கும். படத்தில் தொண்டை கறுப்பாக விழுந்தால் கேமராவைக் குறைசொல்லாதீர்கள்.

அந்தச் சிவப்பு, சாயம் அல்ல. செம்பருத்தியை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சிவப்புதான், அதில் நிறமி இருக்கிறது. இந்த இறகில் இருப்பதோ மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள். ஆனால் இங்கே அது தட்டையான நுண்ணிய வில்லைகளாக, உள்ளே காற்றுக் குமிழிகளோடு, அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றுசேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, மற்றவை அழிந்துபோகின்றன. மழை ஈரச் சாலையில் சிந்திய எண்ணெய் வண்ணங்காட்டுவதும் இதே வித்தைதான். தொண்டை இறகுகளில் அடுக்குகள் ஒரே பக்கம் பார்த்தபடி ஒழுங்காக இருப்பதால், ஒளி ஒரு குறுகிய கோணத்தில் மட்டுமே திரும்புகிறது. அந்தக் கோணத்தில் நம் கண் இல்லையா, மெலனினின் கறுப்புதான் தெரியும்.

ஆகவே வெயில் உங்கள் முதுகில் படும்படி நின்று, பறவை உங்கள் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

சிறகு வேறு கதை. நொடிக்கு 40 தடவைக்கு மேல் அடிக்கிறது. 1/1000 நொடி ஷட்டரில் கலங்கித்தான் விழும். 1/4000 பரவாயில்லை. முழுதாக உறையவைக்க வேண்டுமானால் மிகக் குறுகிய ஃப்ளாஷ் வேண்டும். டூபான்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த வேதிப் பொறியாளர் கிராஃபோர்ட் கிரீன்வால்ட் அதிவேக ஃப்ளாஷ் வைத்து இந்தப் பறவைகளைப் படமெடுத்தார். இறகு அடுக்குகளின் ஒளியியலை விளக்கி 1960-இல் வந்த ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு. படமெடுக்கப் போனவர் நிறத்தின் காரணம்வரை தேடிப் போனது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, நிறம் இப்படி மாறினால் இனத்தை எப்படிச் சொல்வது? நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ரூஃபஸ், ஆலன் என்ற இரண்டு ரீங்காரச்சிட்டு இனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களில் முதுகு செம்பழுப்பு என்றால் ரூஃபஸ், பச்சை என்றால் ஆலன் என்பார்கள். ஆனால் பச்சை முதுகுள்ள ரூஃபஸ் ஆண்களும் உண்டு. உறுதிசெய்வது வால்தான். ஆண் ரூஃபஸின் வாலில் நடுவிலிருந்து இரண்டாவது இறகின் நுனியருகே ஒரு வெட்டு இருக்கும். ஆலனின் வெளி ஓர இறகு ஊசிபோல் ஒடுங்கியிருக்கும். இறகு கோதும்போதோ இன்னொரு பறவையை விரட்டும்போதோ வாலை விசிறியாக விரிக்கும். அந்தக் கணத்தில் தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளுங்கள். பெண் பறவை என்றால் அதுவும் பல நேரம் போதாது. அனுபவசாலிகளே ‘ரூஃபஸ் அல்லது ஆலன்’ என்று எழுதிவைத்துவிடுகிறார்கள்.